புதன்கிழமைகளில் வீட்டில் இல்லாத அம்மா

வாசகர் கடிதம்:

அக்கா, வணக்கம். என் அம்மா திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரே ஊரில் கிராம சுகாதார செவிலியராக 34 வருஷம் வேலை பார்த்தார். 1983இல் சேர்ந்து 2017இல் ஓய்வு பெற்றார். போன ஐப்பசியில் தவறிவிட்டார். தலைத்திவசத்துக்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்று இருக்கிறோம். தம்பி, கடைத்தெருவில் பெரிய ஃப்ளெக்ஸும் வைக்கணும் என்கிறான். எழுத உட்கார்ந்தால் எனக்கு 'தன்னலம் கருதாத தாய்' என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. உண்மையில் எனக்கு அம்மாவைச் சரியாகத் தெரியாது. புதன்கிழமை என்றால் எங்களுக்கு அம்மா கிடையாது. பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலை வந்து கிடந்தேன். அன்றைக்கும் போலியோ சொட்டு மருந்து என்று போய்விட்டார். சுனாமிக்கு நாகப்பட்டினம் போனவர் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். கொல்லைக் கிணற்றில் தலையோடு குளித்துவிட்டுப் படுத்தார். என்ன நடந்தது என்று கடைசி வரை சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் வீட்டில் மீன் வாங்கவில்லை. ஊரே நர்சம்மா என்று கும்பிடுகிறது. எனக்கு உள்ளே கோபம் இருக்கிறது. இதை எழுதலாமா? தம்பி, 'செத்தவங்களைக் குறை சொல்லுவியா' என்கிறான். அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் டைரிகள், பழைய பதிவேடுகள், குழந்தை எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு எல்லாம் இருக்கின்றன. பதிவேட்டுப் பக்கங்களைப் படம் பிடித்து மலரில் போடலாமா? இன்னொன்று. ஊரில் ஒரு பெரியம்மா மட்டும், 'உங்கம்மா என்னைய வம்பா ஆபரேஷனுக்கு இழுத்துக்கிட்டுப் போனா' என்று இன்னமும் சொல்கிறார். அதை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு வரி வரவில்லை என்கிறீர்கள். 'புதன்கிழமை என்றால் எங்களுக்கு அம்மா கிடையாது.' இது வரி இல்லையா? மலரின் முதல் வரியை எனக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதை அப்படியே எடுத்து முதல் பக்கத்தில் வையுங்கள்.

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தவள் நான். இருபது வருஷத்துக்கு மேலாக நினைவு மலர்கள் தொகுத்துக் கொடுக்கிறேன். என் மேசைக்கு வந்த தாய்மார்களில் முக்கால்வாசிப் பேர் தன்னலம் கருதாதவர்கள், கருணைக் கடல்கள், அன்பின் சிகரங்கள். பெயரை மாற்றி வைத்தால் எந்த மலரும் எந்த வீட்டுக்கும் பொருந்தும். உங்கள் புதன்கிழமை அப்படி இன்னொரு வீட்டுக்குப் போகாது.

அந்த வரிக்கு அடுத்து என்ன எழுதுவது? அம்மா அந்தப் புதன்கிழமை எங்கே போனார் என்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் புதன் தடுப்பூசி நாள் என்பது கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வாக்ஸின் கேரியர் வர வேண்டும். நாலு பக்கமும் நாலு ஐஸ் பேக், நடுவில் மருந்துக் குப்பிகள். அம்மா சேர்ந்த காலத்தில் இன்றைக்குப் போல ஊசியைக் குத்தியதும் தூக்கிப் போடுகிற பழக்கம் இல்லை. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைத்து எடுத்துப் போக வேண்டும். பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பு மருந்தைக் கலக்கிவிட்டால் அதற்கு ஆயுசு நாலு மணி நேரம். பத்து மணிக்குக் கலக்கினால் இரண்டு மணியோடு சரி, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். நடவுக்குப் போன தாய் கரையேறி வரும்வரை குப்பி காத்திருக்காது. அதனால் நர்சம்மாதான் வரப்பு வரப்பாக நடந்து, 'ஏ புள்ளை, ஊசி போட்டுக்கிட்டு வந்து நடு' என்று கூப்பிட வேண்டியிருக்கும். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது அரசுக் கணக்கு. முள்ளியாற்றுக்கு இந்தப் பக்கம் நாலு தெரு, அந்தப் பக்கம் ஒரு குக்கிராமம், வாய்க்காலுக்கு அப்பால் இன்னொன்று என்று சிதறிக் கிடக்கிற 5,000 பேர்.

இப்படி எழுதினால் நீங்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் நிற்கும், அவர் நடந்த நடையும் நிற்கும். ஒன்றுக்காக மற்றதை அழிக்க வேண்டியதில்லை.

மஞ்சள் காமாலையை எழுதலாமா என்றால், எழுதத்தான் வேண்டும். தம்பியிடம் சொல்லுங்கள்: 'அம்மா அன்றைக்கு வீட்டில் இல்லை' என்பது குறை இல்லை, நடந்தது. அதற்கு மேல் 'எங்களைக் கைவிட்டார்' என்று தீர்ப்பு எழுத வேண்டாம். 'எங்களை விட ஊரை நேசித்தார்' என்று பெருமையாகத் திருப்பிப் போடவும் வேண்டாம். இரண்டும் ஒரே சோம்பல்தான். அன்றைக்கு உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று யோசியுங்கள். கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தது யார், அப்பாயியா? நர்ஸ் வீட்டில் கீழாநெல்லியா என்று அம்மா சாயங்காலம் வந்து சத்தம் போட்டாரா, பேசாமல் இருந்துவிட்டாரா? அது ஒருவேளை 1995 டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியதை ஒட்டிய சமயமாக இருக்கும். 2014 மார்ச் 27இல் இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தபோது அம்மா இன்னும் பணியில்தான் இருந்திருக்கிறார். அந்தச் செய்தியை அவர் எப்படிக் கேட்டார், டிவியிலா, ஆபீஸ் மீட்டிங்கிலா? அப்பாவிடம் கேளுங்கள். 'சரித்தான், அடுத்தது என்ன' என்று சாம்பாருக்குப் புளி கரைக்கப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள்.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்பதில் கொஞ்சம் நிற்கிறேன், பலரும் தவறுவது இங்கேதான். 'அம்மா எப்படிப்பட்டவங்க?' என்று கேட்டால் அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'தங்கமான மனுஷி' என்பார். அதோடு முடிந்தது. 'அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் மொதல்ல என்ன செய்வாங்க?' என்று கேளுங்கள். செருப்பை எங்கே விடுவார், பையை எந்த ஆணியில் மாட்டுவார், கைகழுவும் சோப்பைத் தனியாக வைத்திருந்தாரா? செல்போனை மடியில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரு தடவைக்கு அரைமணி நேரம் போதும். வயசானவர், அதற்கு மேல் கேட்டால் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஊர்க்காரர்களிடம் வருஷம் கேட்காதீர்கள். நம் பக்கத்தில் யாருக்கும் வருஷம் ஞாபகம் இருக்காது, தண்ணீரும் புயலும் இருக்கும். ஆற்றில் தண்ணி வந்துவிட்டதா, வரவில்லையா? குறுவை அறுப்பா, தாளடி நடவா? 77 புயலுக்கு அப்புறம் எத்தனையாவது வருஷம்? நிஷா புயல் வெள்ளத்துக்கு முன்னாடியா? இப்படிக் கேட்டால், 'கோரையாத்துல தண்ணி கரைபொரண்டு போவுது, மாட்டுவண்டி எறங்கல, நர்சம்மா வந்து...' என்று ஒரு பிரசவம் தானே வெளியே வரும். அதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். 'பேரிடர்க் காலத்திலும் அயராது பணியாற்றினார்' என்று தேய்த்துவிடாதீர்கள்.

'ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்தவர்' என்ற வாக்கியம் தம்பியிடமிருந்து வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். டைரியில் இருந்தால் எண்ணிப் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அம்மா சேர்ந்தபோது பாதிப் பிரசவம் வீட்டில், மருத்துவச்சி கையில் நடந்த காலம். அவர் ஓய்வு பெறும்போது வீட்டுப் பிரசவம் என்பதே அதிசயம். நடுவில் 2008 செப்டம்பரில் 108 வண்டி வந்தது. அதுவரை நடுராத்திரியில் வாடகைக் கார் பிடிக்க அலைந்தது யார்? 108 வந்த பிறகு அம்மாவின் தூக்கம் மாறியதா? பிரசவம் பார்த்ததை விட, பிரசவத்தை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியதுதான் அந்தத் தலைமுறை நர்சம்மாக்களின் பெரிய வேலை என்பது என் எண்ணம். அதற்கு யாரும் விருது கொடுக்கவில்லை, எண்ணிக்கையும் வைக்கவில்லை.

ட்ரங்குப் பெட்டிக்கு வருவோம். நியமன ஆணையையும் ஓய்வு ஆணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1983இல் சேர்ந்தவர் என்றால் முதல் தாளில் தஞ்சாவூர் மாவட்டம் என்று இருக்கும். 1991 அக்டோபரில் நாகை காயிதே மில்லத் மாவட்டம் பிரிந்தது. 1997 ஜனவரியில் திருவாரூர் மாவட்டம் வந்தது. அம்மா ஓர் ஊரை விட்டு நகராமல் மூன்று மாவட்டத்தில் வேலை பார்த்திருக்கிறார். இந்த இரண்டு தாள்களையும் மலரில் எதிரெதிர்ப் பக்கத்தில் போடுங்கள். அதற்கு விளக்கம்கூட எழுத வேண்டாம், ஊர்க்காரர்கள் பார்த்ததும் சிரிப்பார்கள்.

பதிவேடு வேறு. தாய்சேய் நலப் பதிவேடு, தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு இவற்றில் ஒரு பக்கத்தைக்கூட அச்சில் போடாதீர்கள். பெயரை மையால் மறைத்தும் போடாதீர்கள். தெரு, கணவர் வயது, எத்தனையாவது பிள்ளை என்று இருந்தால் நம் ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும். யாருக்குக் கருக்கலைந்தது, யார் கருத்தடைச் சாதனம் வைத்துக்கொண்டாள், எந்தப் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் இறந்தது எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பெண்கள் நர்சம்மாவிடம் சொன்னது, நமக்குச் சொன்னது இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன் ஒரு டாக்டரம்மா நினைவாக மலர் தொகுத்தேன். குழந்தையில்லாமல் அவரிடம் வைத்தியம் பார்த்துப் பிள்ளை பெற்ற ஒரு தம்பதி எழுதிய நன்றிக் கடிதம் பெட்டியில் கிடைத்தது. அழகான கையெழுத்து. எழுதியவர்களைக் கேட்கவில்லை, கையெழுத்தோடு அப்படியே போட்டுவிட்டேன். அந்த வைத்திய விவரம் அந்தப் பெண்ணின் புகுந்த வீட்டுக்கு அதுவரை தெரியாது. அவர் அச்சகத்துக்கே வந்து நின்றார், ஒன்றும் திட்டவில்லை. 'மிச்சம் எத்தனை புஸ்தகம் இருக்கு?' என்று மட்டும் கேட்டார். இருந்த பிரதிகளில் அந்தத் தாளை பிளேடால் அறுத்து எடுத்தோம். விநியோகமானது போனது போனதுதான்.

அதனால் பதிவேடுகள் அரசுடையது என்பதை நினைவில் வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்படைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டைரி அம்மாவுடையது. அதிலும் பெயர்கள் வரும் இடத்தைத் தவிர்த்து, நடந்த தூரம், பஸ் கட்டணம், 'மழை, போகவில்லை' போன்ற வரிகளை எடுங்கள். 'மழை, போகவில்லை' என்று 34 வருஷத்தில் எத்தனை நாள் எழுதியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்களேன். அந்த எண் ஒரு பக்கத்துக்குச் சமம்.

பெரியம்மா சொல்வதை விடக் கூடாது. ஒளித்தால் மலர் வெளியாகிற அன்று பந்தலில் அவரே எழுந்து சொல்வார். சொல்லவும் வேண்டும். 1996 ஏப்ரலில் இலக்கு முறையை நாடு முழுக்கக் கைவிடும்வரை, கருத்தடை ஆபரேஷனுக்கு வருஷத்துக்கு இத்தனை 'கேஸ்' என்று எண்ணிக்கை மேலிருந்து வரும். மார்ச் நெருங்க நெருங்க மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேட்பார்கள். அந்த நெருக்கடி கடைசியில் வந்து இறங்கிய இடம் கிராமத்து நர்சம்மாவின் தலை. அங்கிருந்து அது ஒரு கூலிக்காரப் பெண்ணின் வயிற்றில் இறங்கியது. அம்மா மேல் தப்பு இல்லை என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெரியம்மாவுக்கு அன்றைக்கு வாசலில் வந்து நின்றது அரசாங்கம் இல்லை, உங்கள் அம்மாதான். போய் அவர் திண்ணையில் உட்காருங்கள். சமாதானம் சொல்லாதீர்கள், அம்மாவுக்காக வாதாடாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, 'இதைப் பேர் போட்டு எழுதவா, பேர் இல்லாம எழுதவா, எழுதவே வேண்டாமா' என்று கேளுங்கள். முடிவு அவருடையது. எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. வம்பாக இழுத்துப் போனவளைப் பற்றி இத்தனை வருஷம் பேசுகிறவர், ஆபரேஷனுக்கு அப்புறம் தையல் பிரிக்கும்வரை தினம் வந்து பார்த்தது யார் என்பதையும் பேசக்கூடும். பேசாவிட்டாலும் சரி, கறந்து வாங்காதீர்கள்.

சுனாமியின் பன்னிரண்டு நாட்கள். 2004 டிசம்பர் 26இல் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பிறகு முகாம்களில் தட்டம்மை பரவாமல் இருக்கத் தடுப்பூசி போட்டார்கள். இதெல்லாம் அச்சில் இருக்கிற விவரம். அம்மா என்ன பார்த்தார் என்பது அதில் இல்லை. கூடப் போன செவிலியர் யாராவது இருந்தால், ஜீப் ஓட்டியவர் இருந்தால், தேடிப் போய்க் கேளுங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றால் நீங்களாக இட்டுக்கட்டாதீர்கள். 'கடற்கரையில் பிணக்குவியல் நடுவே கண்ணீருடன்' என்று யாராவது எழுதித் தந்தால் வாங்காதீர்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பன்னிரண்டு நாள், கொல்லைக் கிணறு, தலைக்குளியல், ஒரு வருஷம் மீன் வாங்காத வீடு. திரும்ப முதல் மீன் வாங்கியது யார், என்ன மீன், அம்மா சாப்பிட்டாரா? இது மட்டும் எனக்கே தெரிந்துகொள்ளணும்.

கஜா புயல் 2018 நவம்பரில் வந்தது. அம்மா ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருக்கும். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கம் தென்னை முழுக்கச் சாய்ந்து கிடந்த நாட்களில் அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள்.

அந்த ஸ்பிரிங் தராசு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மலரின் அட்டையில் அதைத்தான் போடுவேன். தம்பி மாலை போட்ட படம் கேட்பான், அது உள்ளே முதல் பக்கத்தில் வரட்டும். தராசை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மேல் கொக்கி எங்கே தேய்ந்திருக்கிறது? வீட்டு விட்டத்தில் மாட்டியதா, ஆற்றங்கரைப் பூவரசங் கிளையில் மாட்டியதா? முகப்புக் கண்ணாடியில் 2.5 கிலோவைப் பாருங்கள். பிறந்த பிள்ளை அதற்குக் கீழே நின்றால் எடை குறைவு. முள் அந்த இடத்துக்கு வரும்வரை எத்தனை தாய்மார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். தூளித்துணி கூட இருந்தால் துவைத்துவிடாதீர்கள், இருக்கிறபடி படம் எடுங்கள். காலையில் திண்ணை வெளிச்சத்தில் செல்போன் படமே போதும். பழைய போட்டோக்கள் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்துச் சாய்வெளிச்சத்தில் படம் எடுக்கலாம். ஒட்டாத படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

ஃப்ளெக்ஸ் விஷயத்தில் தம்பியோடு சண்டை போடாதீர்கள். அவனுக்கும் அம்மா போனது போனதுதான். அவன் கடைத்தெருவில் வைத்து அழுகிறான், நீங்கள் காகிதத்தில். அனுமதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள், மூன்று நாளில் அவிழ்க்கச் சொல்லுங்கள். மலரில் அவனுக்கு இரண்டு பக்கம் கொடுங்கள். அவனுக்கும் ஒரு புதன்கிழமை இருக்கும்.

மற்றவை சில்லறை. மலருக்கு டெம்மி 1/8 என்கிற புத்தக அளவு போதும். 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆகவே 48 அல்லது 64 பக்கம் என்று திட்டமிடுங்கள். இடையில் நின்றால் வெற்றுத்தாளுக்கும் காசு. வாழ்த்துரை கேட்டு யாரிடமும் போகாதீர்கள். ஒருவரிடம் வாங்கினால் எதிர்க்கட்சிக்காரரிடமும் வாங்க வேண்டும், பிறகு ஒன்றியம், பேரூராட்சி என்று அம்மா 23ஆம் பக்கத்தில்தான் வருவார். அந்த இடத்தை ஓய்வுபெற்ற ஒரு மருத்துவச்சிக்கோ, அம்மா முதன்முதலில் ஊசி போட்டு இப்போது பேரன் எடுத்திருக்கிற ஆளுக்கோ கொடுங்கள். அவர் நாலு வரி சொன்னால் போதும்.

தலைத்திவசம் ஐப்பசியில் என்கிறீர்கள். நம் பக்கத்து ஐப்பசி உங்களுக்குத் தெரியும். அடைமழையில் காகிதம் ஈரம் இழுத்து நெளியும், பைண்டிங் பசை காயாது, அட்டை வளைந்துகொள்ளும். ஆவணிக்குள் எழுதி முடியுங்கள், புரட்டாசி முதல் வாரம் அச்சுக்குப் போய்விட வேண்டும். புதன்கிழமைப் பக்கத்தை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, புரூஃப் நான் பார்த்துத் தருகிறேன்.